முக்காட்டுக்குள் ஒரு தழும்பு

ஹமீமாவின் விரல்களுக்குள் சோறு நிற்கவில்லை.

தெஹிவளையில் ஒரு கலியாண வீடு. பெண்கள் பக்கம் பாய் விரித்து, ஒரு சஹனுக்கு ஆறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, அதன் மேல் கோழி, ஓரங்களில் கத்தரிக்காயும் அச்சாறும். ஆளுக்கொரு பக்கமாக ஆறு கைகளும் அந்தத் தட்டிலேயே பிசைந்து உண்ண வேண்டும். ஹமீமாவும் பிசைந்தாள். விரல்கள் குவிய மறுத்தன. எடுத்த கவளம் வாய்க்குப் போகும் வழியிலேயே உடைந்து, பக்கத்திலிருந்த டீச்சர் ஒருத்தியின் பங்கில் போய் விழுந்தது.

டீச்சர் தன் பக்கத்துச் சோற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பு ஒன்று போதாதா ஒரு பெண்ணின் மானத்தை வாங்க!

"என்ன மதினி, கோழி குப்பையக் கிண்டுற மாதிரி ஈக்கு!" என்று எதிரே இருந்த மஸாஹிரா சிரித்தாள். "வட்டிலப்பத்துக்கு முட்டை அடிச்சு அடிச்சு வெள்ளவத்தைய மயக்கின கையா இது?"

மஸாஹிரா, ஹமீமாவின் கணவர் தாஸிமுக்கு மூத்த ராத்தா. கணவன் மௌத்தான பிறகு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். அவள் வாயிலிருந்து நல்ல சொல் வந்தாலும் அதன் நுனியில் ஒரு குண்டூசி இருக்கும்.

சஹனைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஹமீமாவும் சிரித்தாள். பிறகு வயிற்றில் கேஸ் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு நோன்பு இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தலைவலி.

ஹமீமா கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்த இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட். கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு சிறிய பட்டன், நூல் கடை. அவளுக்கு வட்டிலப்பம். கருப்பட்டி சீவி, தேங்காய்ப்பால் பிழிந்து, ஏலம் இடித்து, முட்டை அடித்து, ட்ரே ட்ரேயாக அவித்துக் கொடுப்பாள். பெருநாள் வந்தால் மாடிப்படியெல்லாம் கருப்பட்டி மணக்கும். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்காகூடத் தீபாவளிக்கு அவளிடம்தான் ஓடர் கொடுப்பாள்.

அந்தக் கைகளைத்தான் நோய் முதலில் பிடித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மரக்கட்டை. குழாயைத் திறக்க முடியாது, பூட்டில் திறப்பைத் திருப்ப முடியாது. மணிக்கட்டு இரண்டும் சிவந்து வீங்கிச் சுடும். அதற்குப் பெயர் முடக்கு வாதம் என்றார்கள். கிழமைக்கு ஒரு நாள் குடிக்கும் குளிசை கொடுத்தார்கள், ஸ்டீரொய்ட் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் கிளினிக் டொக்டர், ஊசிக்கு மாறுவோம் என்றார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கோபமே வராத முகம். ஹமீமாவையும் தாஸிமையும் எதிரே உட்கார வைத்துக் கதைத்தார்.

"உங்கட பிளாட்ல செக்யூரிட்டி இருக்கிறாரோ அம்மா?"

"ஓம் டொக்டர், ஒருத்தர் ஈக்கார்."

"அவருக்குப் புத்தி பேதலிச்சு, கள்ளனை விட்டிட்டு உங்கட வீட்டுக் கதவையே உடைக்கிறார் எண்டு வையுங்கோ. உங்கட மூட்டுக்குள்ள நடக்கிறது அதுதான். உடம்பைக் காக்க வேண்டிய படை, உடம்பையே அடிக்குது. இந்தப் பயோலொஜிக் ஊசி அந்தப் படையைக் கொல்லாது. படையைக் கூப்பிடுற விசில் ஒண்டு இருக்கு. அதைப் பிடிச்சு நிப்பாட்டும். விசில் இல்லையெண்டா ஆள் வராது, வீக்கம் அடங்கும்."

"எங்கட செக்யூரிட்டி விசிலடிச்சாலும் வராத மனிசன் டொக்டர்" என்றார் தாஸிம். டொக்டர் சிரித்துவிட்டார். ஹமீமாவும் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

"ஆனா உண்மையான கள்ளன் வந்தாலும் விசில் கேக்காதே" என்று டொக்டர் தொடர்ந்தார். "அதுதான் இந்த மருந்தில இருக்கிற பயம். காய்ச்சல், புண், சளி எது வந்தாலும் ஊசியைப் போடாமல் முதல்ல எங்களுக்குச் சொல்ல வேணும். எங்களைக் கேக்காமல் எந்தத் தடுப்பூசியும் போடக் கூடாது. எல்லாத்துக்கும் மேல டீ.பி. அந்தக் கிருமி சில பேருக்குள்ள வருசக்கணக்கா நித்திரை கொள்ளும். உடம்பு அதைச் சுத்தி மதில் கட்டி வைச்சிருக்கும். இந்த ஊசி அந்த மதிலை இளக்கிப் போடும். அதால கேக்கிறன். உங்களுக்கு எப்பவாவது டீ.பி. வந்ததோ? வீட்டில ஆருக்கும்?"

மேலே மின்விசிறி சுற்றியது. ஹமீமா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். தாஸிம் அந்த மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டொக்டர்."

"வந்திருந்தாலும் பயமில்லை அம்மா. முதல்ல கொஞ்ச மாசம் குளிசை தந்து, பிறகு ஊசியைத் தொடங்குவம். அவ்வளவுதான்."

"இல்ல டொக்டர். அப்பிடி ஒண்டும் இல்ல."

அவள் கை தன்னையறியாமல் முக்காட்டின் ஊசியைத் தொட்டு, அது இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது.

அந்த முக்காட்டுக்குள், இடது காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு தழும்பு இருந்தது.

பதினாறு வயதில் வந்தது. முதலில் ஒரு கட்டி, பிறகு மூன்று, பிறகு உடைந்து சீழ். ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு, கழுத்துக் கழலையில் டீ.பி. என்றார்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் அன்று உம்மா அழுத அழுகை மையித்து வீட்டு அழுகை. பின்னறை ஹமீமாவுக்கென்று ஒதுங்கியது. நீலக்கரை போட்ட எனாமல் சாப்பாட்டுப் பீங்கான் ஒன்றும் குவளை ஒன்றும் அவளுக்கென்று ஒதுங்கின. மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளுடைய பீங்கான் மட்டும் கதவடியில் தரையை உராய்ந்துகொண்டு வரும். அந்தச் சத்தத்தை அவள் காது இன்றுவரை மறக்கவில்லை.

கட்டி வற்றியதும் உம்மா மருந்தை நிறுத்திவிட்டாள். "கிளினிக் வாசல்ல யாரும் கண்டா ஒனக்கு மாப்பிளை வருமா மகள்?" என்றாள். குர்ஆனைக் கையில் கொடுத்து, மௌத்தாகும் வரை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். கலியாணமாகி வந்த புதிதில், இது என்ன என்று தாஸிம் கேட்டார். சின்ன வயதில் ஒரு கொப்புளத்தை வெட்டினது என்றாள் ஹமீமா. அவர் "ம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நல்ல மனிதர், நம்பிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டொக்டர் வாய்ச்சொல்லோடு விடவில்லை. கையில் மருந்து குத்தி, தோல் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். தடிக்கவில்லை. நெஞ்சுப் படம் சுத்தம். ஈரல் காய்ச்சலுக்கும் இரத்தம் சோதித்தார்கள். அதுவும் சுத்தம். அடுத்த முறை போனபோது டொக்டர் திரும்பவும் கேட்டார்.

"நீங்கள் ஸ்டீரொய்ட் குடிக்கிறபடியால் இந்தத் தோல் டெஸ்ட் சில நேரம் எங்களை ஏமாத்தும் அம்மா. படத்திலயும் எல்லாம் தெரியாது. உங்கட வாய்தான் சொல்ல வேணும்."

அந்த வாய் இரண்டாம் முறையும் இல்லை என்றது.

ஊசி தொடங்கியது. பேனை போல ஒரு சாமான். பிரிஜ்ஜின் நடுத்தட்டில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை வெளியே எடுத்து, குளிர் விடும்வரை வைத்திருந்து, தொடையில் அழுத்த வேண்டும். அந்தத் தட்டிலிருந்த தன்னுடைய மாசிச் சம்பல் போத்தலை இடம் மாற்ற வேண்டி வந்ததில் மஸாஹிராவுக்குக் கோபம். "பிரிஜ்ஜா இது, பாமசியா?" என்றாள். ஆனாலும் கரண்ட் போன நாளில் முதலில் ஓடிப்போய், கீழ் வீட்டில் ஐஸ் வாங்கி வந்தவளும் அவள்தான்.

பிறகு நடந்ததை ஹமீமா அதிசயம் என்றே சொல்வாள். ஒரு காலை எழுந்து யோசிக்காமல் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டுகிறது, அவள் தன் கையைப் பார்த்தபடி நிற்கிறாள். பிறகு சட்டைப் பட்டன், பிறகு தேங்காய்த் துருவல். ஒரு நாள் முட்டையை ஒரே கையால் கிண்ணத்து விளிம்பில் தட்டி உடைத்துவிட்டு, குசினிக்குள் தனியாக நின்று அழுதாள்.

அந்த நேரத்தில்தான் மகள் பர்ஹா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் நப்ரீஸ், தெமட்டகொடையில் சொந்த வீடு. ஆண் குழந்தை. பெயர் அஷ்பாக். ஹமீமாவின் கைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிப்பாட்டினாள், துடைத்தாள், மார்போடு அணைத்துத் தாலாட்டினாள். பேரனைத் தூக்க முடியாத கைகளாகப் போயிருக்குமே என்று நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். இல்லை என்று தான் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் இதெல்லாம் கிடைத்தது என்றும் அவள் மனம் சொன்னது. மனம் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறது பாருங்கள்!

குழந்தைக்கு நாற்பதாம் நாள் விருந்து. வீடு நிறையப் பெண்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மழை, எல்லாம் சாத்திக் கிடந்தது. வட்டிலப்பம் ஹமீமா செய்தது. சஹனில் அவளும் உட்கார்ந்தாள். சோறு விரல்களுக்குள் உருண்டையாகி நின்றது, ஒரு பருக்கை விழவில்லை. மஸாஹிராகூடக் கோழித் துண்டைப் பிய்த்து அவள் பக்கம் வைத்து, "கை வந்திட்டுது, இனி வாயும் வரும்" என்றாள்.

அன்று அந்தச் சஹனில் இருந்தபடி அவள் மூன்று முறை இருமினாள். அச்சாறு தொண்டையில் ஏறிவிட்டது என்றாள்.

பத்து நாளாகியும் இருமல் விடவில்லை. அந்தி சாய்ந்தால் உடம்பு கதகதக்கும், விடிந்தால் தலையணை நனைந்திருக்கும். சட்டைகள் தளர்ந்தன. "மதினி மெலிஞ்சு குமரி மாதிரி ஆயிட்டா, தம்பியக் கவனமாப் பாருங்கோ" என்று பகிடி பண்ணினாள் மஸாஹிரா.

காய்ச்சல் இருந்தால் ஊசி போடக் கூடாது. ஹமீமாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஊசி நாள் வந்தபோது, ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பார்கள். காய்ச்சல் என்றால் கிளினிக். கிளினிக் என்றால் மறுபடியும் அந்தக் கேள்வி. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடையில் அழுத்தினாள். டொக் என்ற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் எங்கோ ஒரு பழைய மதில் இன்னும் கொஞ்சம் சரிந்ததை அவள் அறியவில்லை. அல்லது அறிந்தும் அறியாதவளாக இருந்தாளோ!

ஒரு காலை, குழந்தையைக் குளிப்பாட்டித் துவாயில் சுற்றும்போது இருமல் வந்தது. முகத்தைத் திருப்பித் துவாயின் ஓரத்தால் வாயைப் பொத்தினாள். எடுத்துப் பார்த்தால், வெள்ளைத் துவாயில் சிவப்பு.

வாசலில் பர்ஹா நின்றிருந்தாள்.

"உம்மா, இது என்ன?"

"பல்லு முரசுல ரத்தம் மகள். பல்லுக் குத்தினேன்."

பர்ஹா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்றா சொல்வது? பிடுங்கிக்கொண்டாள். அந்த இழுப்பு ஹமீமாவுக்குப் பழக்கமானது. கலியாண வீட்டில் டீச்சர் சோற்றை இழுத்த அதே இழுப்பு. அடுத்த நிமிடம் மகள் கிளினிக்குக்குக் கோல் எடுத்துக் கதைப்பது கேட்டது. இப்போதே வரச் சொன்னார்கள், மாஸ்க் போட்டு வரச் சொன்னார்கள்.

டொக்டர் அறையில் நான்கு பேர். ஹமீமா, தாஸிம், பர்ஹா, டொக்டர். குழந்தையோடு நப்ரீஸ் வெளியே வாகனத்தில். டொக்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்டார்.

ஹமீமா வாயைத் திறந்தாள். உம்மாவிடம் செய்த சத்தியம் வாயைக் கட்டியது. முக்காட்டின் ஊசியைக் கழற்றினாள். துணியை விலக்கினாள். கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

சுருங்கி, வெளிறி, உள்ளே இழுத்துக்கொண்ட அந்தத் தழும்பைப் பர்ஹா அத்தனை வருடங்களில் அன்றுதான் சரியாகப் பார்த்தாள்.

டொக்டர் கையுறைக் கையால் அதை மெல்லத் தொட்டார். "எப்ப அம்மா?"

"பதினாறு வயசுல."

"முழுக் காலமும் மருந்து குடிச்சதோ?"

"இல்ல டொக்டர். கட்டி வத்தின உடன உம்மா நிப்பாட்டிட்டா. இவருக்குத் தெரியாது டொக்டர். இவரை நான் ஏமாத்திட்டேன். எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் தாஸிம்.

ஹமீமா திரும்பினாள்.

"கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும்." தாஸிமின் கண்கள் தரையில் இருந்தன. "எங்கட வாப்பாட கழுத்துலயும் இதே டீ.பி. தழும்பு இருந்திச்சு. சின்ன வயசுல நான் அதத் தடவித் தடவித்தான் தூங்குவேன். எனக்குத் தெரியாமப் போகுமா? நீ கொப்புளம் எண்டு சொன்னாய். வெக்கப்படுறாய் எண்டு விளங்கிச்சு. அதுதான் கேக்கல்ல. இங்க டொக்டர் கேட்டப்பவும் நீ சொன்னா ஓம் எண்டு சொல்லலாம், சொல்லாட்டி ஒன்ன வெக்கப்படுத்தக் கூடாது எண்டு... பேயன் மாதிரி மேல சுத்துற பேனப் பாத்துக்கொண்டு ஈந்தேன்."

"வாப்பா!" பர்ஹா எழுந்துவிட்டாள். "தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? ரெண்டு பேரும் மரியாதை பாத்தீங்க. நடுவுல என்ட புள்ள ஈக்கானே!"

தன் மானத்தை மனைவி காக்க, மனைவி மானத்தைக் கணவன் காக்க, பிஞ்சுக் குழந்தையைக் காக்க ஆளில்லாமல் போயிற்றே! தலை குனிந்து உட்கார்ந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்க முகம் இருந்தால் அல்லவா?

டொக்டர்தான் பேசினார். சளியைச் சோதிக்க வேண்டும். ஊசியை உடனே நிறுத்த வேண்டும். டீ.பி. என்று உறுதியானால் ஆறு மாதம், குறையாமல், நாள் தவறாமல் மருந்து.

"அந்த நாளில கழலைக்குப் பீங்கானை ஒதுக்கி வைச்சது தேவையில்லாத வேலை அம்மா. கழலை டீ.பி. ஒருத்தருக்கும் தொத்தாது. பீங்கானாலும் தொத்தாது. இப்ப நுரையீரலில எண்டா, அது காத்தில வரும். இருமலோட வரும். பூட்டின அறையில உங்களோட கனநேரம் இருந்த எல்லாரையும் பார்க்க வேணும். நீங்களே அவைக்குச் சொல்லுங்கோ."

"புள்ள?" என்றாள் ஹமீமா.

"பிறந்த உடன போட்ட தடுப்பூசி கொஞ்சம் காக்கும். எண்டாலும் சோதிச்சு, வருத்தம் இல்லையெண்டால் வராமல் இருக்க மருந்து குடுப்பம். நேரத்தோட வந்திட்டீங்கள்."

நேரத்தோடா? முதல் நாளே வந்திருக்கலாமே என்று ஹமீமாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கொஞ்ச மாதம் குளிசை, பிறகு ஊசி, அவ்வளவுதான் என்று சொன்னாரே!

சளியில் கிருமி இருந்தது.

மஸாஹிராவிடம் ஹமீமாவே சொன்னாள். மாஸ்க்கோடு, பல்கனிக் கதவடியில் நின்றபடி சொன்னாள். மஸாஹிரா நெஞ்சில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! நாப்பதுக்கு வந்த பொம்பளைகளுக்கு நான் என்ன முகத்தோட சொல்லுவேன்? எங்கட குடும்பத்துல இந்த நோய் ஒருத்தருக்கும் வந்ததில்லியே!"

"ராத்தா" என்றார் தாஸிம். "வாப்பாட கழுத்து மறந்து போச்சா?"

மஸாஹிரா வாயைத் திறந்தாள். குண்டூசி வரவில்லை. மெல்லச் சோபாவில் உட்கார்ந்தாள். தன் விரல்களைப் பார்த்தபடி, "அது வாள் வெட்டு எண்டுதானே உம்மா எல்லாருக்கும் சொன்னா" என்றாள். "நானும் அப்பிடித்தான் என்ட மாமி ஊட்டுக்குச் சொன்னேன்."

அடுத்த நாள் பர்ஹா குழந்தையோடு தெமட்டகொடைக்குப் போனாள். போகும்போது உம்மா என்று கூப்பிடவில்லை. லிப்ட் கதவு மூடும் வரை ஹமீமா மாஸ்க்குக்குள் மூச்சடக்கி நின்றாள்.

அன்று பகல் அவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பீங்கானையும் ஒரு குவளையையும் எடுத்துத் தன் அறை ஜன்னலோரத்தில் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. அவளே ஒதுங்கிக்கொண்டாள். சாப்பாடு கொண்டுவந்த மஸாஹிரா அதைப் பார்த்தாள்.

"டொக்டர் பீங்கான் இல்ல, காத்து எண்டுதானே சொன்னா? மாஸ்க்கப் போடுங்கோ, ஜன்னலத் துறங்கோ, பீங்கானக் கொண்டு போய் அலமாரில வைங்கோ. தனித்தனியாக் கழுவ எனக்கு ஏலாது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்ததை ஹமீமா கண்டாள்.

மஸாஹிராதான் டெலிபோனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நான் நம்பர் போடுறேன், நீங்க சொல்லுங்கோ" என்றாள். நாற்பதுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் ஹமீமா தன் வாயாலேயே சொன்னாள். ஒருத்தி அவளுக்காகத் துஆ கேட்டாள். ஒருத்தி பேசாமல் வைத்துவிட்டாள். ஒருத்தி திட்டினாள். ஒவ்வொரு அழைப்புக்கும் அவள் ஒரு முறை செத்தாள். ஆனாலும் அடுத்த நம்பரைப் போடச் சொன்னாள். எல்லோரும் போய்ச் சோதித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் யாருக்கும் நோய் இருக்கவில்லை.

குழந்தைக்கும் நோய் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. பர்ஹா பேச மாட்டாள். வட்ஸப்பில் ஒரு குரல் பதிவு மட்டும் அனுப்புவாள். மருந்தைத் துப்பித் துப்பி அஷ்பாக் அழும் சத்தம். அதில் பர்ஹாவின் ஒரு சொல்லும் இருக்காது. ஹமீமா அதைக் காதில் வைத்துக் கேட்பாள், திரும்பவும் கேட்பாள். தன் தண்டனை என்று நினைத்துக் கேட்பாள். மகள் அதைத் தண்டனைக்கு அனுப்பினாளா, குழந்தையின் சத்தமாவது உம்மாவுக்குக் கேட்கட்டும் என்று அனுப்பினாளா? அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஊசி நின்றதும் கைகள் மெல்ல மெல்லப் பழைய கட்டைகளாயின. டொக்டர் வேறு குளிசைகளால் தாங்கிப் பிடித்தார். டீ.பி. மருந்து முடியட்டும், பிறகு அந்த மதிலை இவ்வளவு இளக்காத வேறொரு மருந்தைப் பற்றி நெஞ்சு டொக்டரோடும் கதைத்து யோசிக்கலாம் என்றார். ஹமீமா இப்போது கேட்காமலே எல்லாவற்றையும் சொல்வாள். கால் விரலிடுக்கில் சின்னப் புண், நேற்று வயிற்றோட்டம், ஒரு நாள் குளிசை பிந்தினது. டொக்டர் சிரித்துக்கொண்டே எழுதுவார். தாஸிம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மறந்ததை எடுத்துக் கொடுப்பார். மின்விசிறியை அவர் பார்ப்பதேயில்லை.

ஆறு மாதம் முடிந்தது. சளி சுத்தம், படம் சுத்தம். யாரோடும் இருக்கலாம், குழந்தையையும் தூக்கலாம் என்று நெஞ்சு டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை நப்ரீஸ் கோல் எடுத்தான். "மாமி, நாளைக்கு ஜும்மாவுக்குப் பிறகு எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு வாங்கோ. பர்ஹா சொல்லச் சொன்னா."

பர்ஹா சொல்லச் சொன்னாளாம்! அந்த நேரத்திலிருந்தே ஹமீமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீங்கிய விரல்களோடு வட்டிலப்பம் செய்தாள். முட்டையைத் தாஸிம் அடித்தார், மஸாஹிரா தேங்காய்ப்பால் பிழிந்தாள். "தம்பி அடிச்ச முட்டைல ஓடு இல்லாட்டி எனக்குச் சொல்லுங்கோ" என்று அவள் போகும் வழியெல்லாம் பகிடி.

தெமட்டகொடை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. நடுவில் சஹன். அஷ்பாக் வளர்ந்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹமீமாவைக் கண்டதும், யாரென்று தெரிந்ததோ தெரியவில்லையோ, இரண்டு கைகளையும் நீட்டினான்.

பர்ஹா அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உம்மாவின் முன்னால் நின்றாள். முகத்தை நேராகப் பார்க்காமல் குழந்தையை நீட்டினாள்.

"தூக்குங்கோ."

அல்லாஹ்வே, எத்தனை மாதம் காத்திருந்த கைகள்! ஹமீமாவின் கைகள் தாமாகவே எழுந்தன. குழந்தையின் பால் மணம் மூக்கில் வந்து மோதியது. இன்னும் ஒரு சாண்தான்.

எழுந்த கைகள் நின்றன. பிறகு கீழே இறங்கின.

"இண்டைக்கு வேணாம் மகள்" என்றாள். "விடியத்துலருந்து தொண்டை கரகரக்குது. சும்மா சளித் தடிமனாத்தான் ஈக்கும். எண்டாலும் எனக்குத் தெரியா."

மஸாஹிரா தலையில் அடித்துக்கொண்டாள். "தொண்டைக் கரகரப்புக்கெல்லாமா மதினி! புள்ள கைய நீட்டிக்கொண்டு ஈக்கானே!"

ஹமீமா ஓரடி பின்வாங்கினாள். பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தாள். மடங்காத விரல்களால் அதைக் காதில் மாட்ட முடியவில்லை. மாஸ்க் நழுவிப் பாயில் விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கத்தால் அவள் முகம் சிவந்தது. ஆனால் வாய் பொய் சொல்லவில்லை.

பர்ஹா குழந்தையை நப்ரீஸிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மாஸ்க்கை எடுத்தாள். உதறினாள். உம்மாவின் முக்காட்டை ஒதுக்கி, இரண்டு காதிலும் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். இடது காதுக்குக் கீழே அவள் விரல் ஒரு கணம் நின்றது. அந்தத் தழும்பின் மேலேயே நின்றது.

"ஜன்னலடில பாய் போடுறேன் உம்மா. நல்லாக் காத்து வரும்" என்றாள். "தொண்டை சுகமான உடன சொல்லுங்கோ. புள்ளையக் கூட்டிக்கொண்டு ஊட்டுக்கு வாறேன். நீங்க சொன்னா வருவேன்."

தாஸிம் ஒரு பீங்கானில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தார். சோற்றை இரண்டாகப் பிரித்தார். கோழியைப் பிய்த்து அவள் பக்கம் வைத்தார்.

"ஒங்களுக்கும் தடிமன் வந்தா?" என்றாள் ஹமீமா மாஸ்க்குக்குள்ளிருந்து.

"வந்தா ரெண்டு பேரும் சொல்லுவோம்" என்றார் தாஸிம்.

ஹமீமா மாஸ்க்கைக் கீழே இறக்கி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கவளம் பிசைந்தாள். சோறு உதிர்ந்தது. உதிர்ந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அறையின் மறுகோடியில், தகப்பனின் தோளில் இருந்தபடி, அஷ்பாக் இன்னும் அவளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தான்.